சிலுப்பி தின்ற சுவர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்கவேண்டியதே அல்ல.

பலாங்கொடையில் கோழித்தீன் கடை வைத்திருக்கும் லாபிர் என்னிடம் படித்தவன். வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்களுக்கென்று சின்னதாக ஒரு மாத இதழும் நடத்துகிறான். போன மாதம் வந்து வாசலில் நின்றான்.

"டீச்சர், ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. முட்ட ஓடு மெலிசா ஈக்கிது எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. கோழிக்கி என்ன தீன் குடுத்தா ஓடு தடிக்கும் எண்டு எழுதினாப் போதும்."

"எழுதலாமே."

"கத எழுதிராதீங்க டீச்சர்."

என்னைப் போன்றவளிடம் அப்படிச் சொல்லக்கூடாது. ஆனாலும் நான் நல்லபடியாகத்தான் உட்கார்ந்தேன். மேசையைத் துடைத்தேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேன், எழுதினேன்:

"முட்டை ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தே ஆகும். கோழி உண்ணும் தீனில் அது குறையும்போது—"

குறையும்போது என்ற இடத்தில் வெள்ளையம்மா வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் கிடந்தது, கக்கத்தில் ஒரு கோழி இருந்தது, முகத்தில் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு கட்டுரை எங்கே எழுதுவது?

2

தொடக்கம் எழுதிப் பார்த்ததை மறைக்காமல் தருகிறேன்.

(அ) "பனி மூடிய மலைச்சரிவில் பசுந்தேயிலை—" கிழித்தாயிற்று. தோட்டத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனிக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

(ஆ) "பிரட்டுக் களத்தில் ஏழுமலையின் தலைப்பாகைக்குள்ளிருந்து முட்டை வழிந்தது." இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏழுமலை யாரென்று தெரியாமல் நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள்? எடுத்து வைத்திருக்கிறேன், பிறகு வரும்.

(இ) "அந்த வருஷம் துரை, லயத்துச் சுவர்களுக்குத் தார் பூசச் சொன்னார்."

இதுதான். இதிலிருந்து போகலாம்.

இடம் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்தத் தோட்டத்துக்காரர் யாராவது, எங்கள் கோவில் சுவரில் ஓட்டையே இல்லை என்று சண்டைக்கு வருவார். காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. ஏன் அவ்வளவு பின்னால் போகவேண்டும் என்று லாபிர் கேட்பான். இந்தக் காலத்தில் வைத்தால் வெள்ளையம்மா லாபிரின் கடைக்குப் போய் ஒரு பை சிப்பித்தூள் வாங்கி வந்துவிடுவாள். கதை அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். லாபிருக்கு வியாபாரம் ஆகும், எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை தோட்டமே வெள்ளையடித்துக் கொடுக்கும். அடிப்பக்கம் மட்டும் எப்போதும் கொத்துக்கொத்தாக உதிர்ந்து கிடக்கும். துரை அதை ஈரம் என்று நினைத்தார். ஆட்களைக் கட்டி மேய்க்கும் கங்காணி, பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளையும் பொதுவாகத் திட்டினார். இரண்டுமில்லை. கோழிகள் கொத்தித் தின்றன. காய்ந்து பழசான சுண்ணாம்பு அவற்றுக்குச் சோறு போல. அதைத் தின்றுதான் நல்ல முட்டை இட்டன.

துரை அடிச்சுவருக்கு முழங்கால் உயரம் தார் பூசச் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாரைக் கொத்திப் பார்த்த கோழிகள் அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு போய்விட்டன.

குற்றவாளியை இரண்டாம் பகுதியிலேயே பிடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். நீங்கள் துப்புத் துலக்கவேண்டியதில்லை. ஆனால் கதைக்குள் இருக்கிற யாருக்கும் இது தெரியாது. தயவுசெய்து சத்தமாகப் படிக்காதீர்கள்.

3

வெள்ளையம்மாவைச் சொல்கிறேன். கொழுந்து பறிப்பவள், நாற்பதை நெருங்குகிறவள், வாய் கொஞ்சம் அதிகம். ஏழுமலை அவள் புருஷன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களில் ஒருவன். பிள்ளைகள் இல்லை. (வெட்டவா? "பிள்ளைகள் இல்லை" என்று எழுதியதும் வாசகர், ஆகா, கோழிதான் பிள்ளை என்று கண் கலங்கத் தயாராகிவிடுவார். அதெல்லாம் இல்லை. கோழி கோழிதான்.)

சிலுப்பி என்பது அந்தக் கோழி. இறகெல்லாம் முன்பக்கமாகச் சுருண்டு, எப்போதும் யாரிடமோ கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவள் மாதிரி இருக்கும்.

அது வந்த விதம் இப்படி. ஒருநாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, பருந்து ஒன்று எங்கிருந்தோ தூக்கிப்போன குஞ்சைத் தவறவிட்டது. அது வெள்ளையம்மாவின் முதுகுக் கூடைக்குள் விழுந்தது. அவளுக்குத் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடை கத்தியது. கணக்கப்பிள்ளை குஞ்சையும் சேர்த்து நிறுத்துவிட்டு, சேர்த்து நிறுத்ததற்கு அவளையே ஏசினார்.

இந்தக் கோழியை அவள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளிடமே கேட்டேன்.

"எங்க லயத்துக் காம்பராவுல வந்து பாருங்க," என்றாள். "கம்பளி கங்காணி குடுத்தது. சட்டி பான கங்காணி குடுத்தது. அரிசி அவரு கையால வர்றது. அந்தா படுத்திருக்காரே, அவரையும் கங்காணிதான் பாத்துக் கட்டி வச்சாரு. இது ஒண்ணுதான் மேல இருந்து எனக்குன்னு விழுந்துச்சு."

இந்தக் கோழி செத்தால் இந்தக் கதையில் நானும் அழுவேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

4

முட்டை வாங்க வருகிறவர் ஸம்சுதீன். லயத்துக்காரர்களுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். பலாங்கொடையிலிருந்து தோளில் தடி, தடியின் இரண்டு முனையிலும் உமி போட்ட கூடை என்று மலையேறி வருவார்.

[ஸம்சுதீனைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம். தோட்டத்துக் கதைகளில் மலையேறி வரும் வியாபாரியைத் தந்திரக்காரனாக்கிவிடுவது எழுதுகிறவர்களுக்குச் சுலபம். நானும் அப்படித்தான் ஒரு பத்தி எழுதினேன். மனிதர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் உங்களுக்கு என்ன செஞ்ச?" என்று கேட்பதுபோல் இருந்தது. பத்தியை எடுத்துவிட்டேன்.]

அவர் முட்டை பார்க்கும் விதம் அழகு. இரண்டை ஒரே கையில் எடுத்து, காதருகே கொண்டுபோய், ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவார். நல்ல ஓடு என்றால் கணீரென்று கேட்கும். விரிசல் என்றால் சத்தம் செத்துக் கேட்கும். அன்றைக்கு வெள்ளையம்மா கொடுத்த இரண்டைத் தட்டினார். சத்தமே கேட்கவில்லை. கை மட்டும் நனைந்தது.

"என்ன புள்ள இது?"

"முட்ட நானா."

"முட்டயா? பைக்குள்ள தண்ணிய ஊத்தி வெச்ச மாதிரி ஈக்கிது. இத நான் டவுனுக்குக் கொண்டுபோறதா? பெரிய வளைவு தாண்ட முந்தியே உமியெல்லாம் ஆம்லட்டாகிரும்."

"என் கோழி மட்டுமா நானா இப்புடி?"

"இல்ல புள்ள, பொய் சொல்லக்கூடாது. மேல லயத்திலயும் சரியான மோசம். தோட்டத்துக்கே ஏதோ கண்பட்டிரிக்கி." கையை உமியில் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ட கோழிதான் முதலாவதா தொடங்கின."

சிலுப்பி மற்றக் கோழிகளைவிட அதிகம் இடுகிறவள். அதனால் அவளுக்குத்தான் சுண்ணாம்பு முதலில் தீர்ந்தது.¹

¹ லாபிர், இதை நீ அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்: தீனில் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்கு ஓடு கட்டும். கொஞ்ச நாளைக்குத்தான் முடியும். பிறகு ஓடு மெலியும். அதன்பிறகு ஓடே இல்லாமல் தோலோடு முட்டை வரும். கோழியும் காலிழுத்து நடக்கும். (இதை எழுதியபோது எனக்கு வெள்ளையம்மாவின் நினைவுதான் வந்தது. கட்டுரையில் அந்த வரி வேண்டாம்.)

5

இப்போது (ஆ).

சிலுப்பிக்கு முட்டையிட மெத்தென்ற இடம் வேண்டும். ஏழுமலை கழற்றிச் சுருட்டி வைக்கும் தலைப்பாகை மெத்தென்று இருக்கும். ஒருநாள் விடிய முன்னமே அதில் இட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சத்தமே போடாமல் இறங்கிப் போய்விட்டது. தோல் முட்டை. கனமும் இல்லை, கையில் தட்டுப்படவும் இல்லை. பிரட்டுக்குத் தப்பட்டை அடித்ததும் ஏழுமலை அவசரத்தில் எடுத்துச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்தப் பிரட்டுக் களத்தில், துரை குதிரையில் வந்து நிற்க, ஏழுமலை குனிந்து சலாம் போட்டான். மஞ்சள் கரு மூக்கு வழியாக இறங்கியது.

துரை சிரித்தார். துரை சிரித்ததால் கங்காணி சிரித்தார். கங்காணி சிரித்ததால் மலையே சிரித்தது. (எழுதும்போது நானும் சிரித்தேன். ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். மன்னித்துக்கொள் ஏழுமலை.)

ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"கவ்வாத்துச் சாமி கும்பிடுறன்னிக்கு இந்தக் கோழிய அறுத்து எல்லாருக்கும் கறியாக்கிப் போடல, நான் ஏழுமலை இல்லீங்க!"

புது மலையில் கவ்வாத்துத் தொடங்குமுன் கத்திகளையெல்லாம் சாமிக்கு முன் வைத்துக் கும்பிடுவார்கள். சாமிக்குச் சேவல், கும்பிட்டவர்களுக்குக் கறிச்சோறு. எல்லார் முன்னாலும் ஒருவன் வாய்விட்டுச் சொன்னதை அங்கே மாற்ற முடியாது. மாற்றினால் அவன் பெயர் அப்புறம் ஏழுமலையாக இருக்காது, முட்டைத்தலையனாகிவிடும். ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது.

அன்று சாயந்திரம் வெள்ளையம்மா சோறு போடும்போது தட்டைத் தரையில் குத்தி வைத்தாள்.

"ஒரு முட்டைக்கா ஒரு உசிரு?"

"முட்டைக்கு இல்ல. மானத்துக்கு. ஓடில்லாம இடுற கோழி ஊட்டுக்கு ஆகாதுன்னு வேற சொல்றாங்க."

"ஓட்டோட இட்டா?"

ஏழுமலை யோசித்தான். கெட்டவனில்லை. பசியோடு இருந்தான், அவ்வளவுதான்.

"ஓட்டோட இட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான்," என்றான். "அம்மனே வந்து வேணாம்னு சொன்னாத்தான் உண்டு."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் வாயில் நான் வைக்கவில்லை. அவனாகச் சொன்னான். நான் அப்படியே வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

6

இருந்தாலும் முட்டையைத் திருத்தினால் மனம் மாறுவான் என்று வெள்ளையம்மா நினைத்தாள். அவள் வைத்தியம் பார்த்த கதை இது.

முட்டை ஓடு வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. ஆக, சுண்ணாம்பு கொடுத்தால் ஓடு வரும். யோசனை சரி. லாபிரின் இதழும் அதைத்தான் சொல்லும். ஆனால் அவள் கொடுத்தது வெற்றிலைக்குப் போடுகிற ஈரச் சுண்ணாம்பு. சோற்றில் உருட்டிக் கொடுத்தாள். சிலுப்பியின் வாய் வெந்துவிட்டது. அலகைத் திறந்தபடி தண்ணீர் கொட்டும் பீலியடியில் போய் நின்றது, அவளைப் பார்க்க மறுத்தது. வெள்ளையம்மா கொழுந்து மலையில் நாளெல்லாம் அழுதாள்.²

² தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குழைத்த சுண்ணாம்பு வாயையும் குடலையும் சுடும். காற்றில் நன்றாகக் காய்ந்து பழசாகிக் கல்லானது வேறு. கிளிஞ்சல், நத்தையோடு, சுண்ணக்கல் பொடி ஆகியவை நல்லவை. தீனில் கலக்காமல் தனித் தேங்காய்ச் சிரட்டையில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே அளந்து தின்னும். சாயந்திரம் நிறையத் தின்னும், ஏனென்றால் ஓடு கட்டும் வேலை இரவில்தான் நடக்கிறது.

அடுத்தது பக்கத்துக் காம்பரா சுப்பம்மா சொன்னது. "அக்கா, முட்ட ஓட்டையே குடு. போனது திரும்பி உள்ள போவும்." இதுவும் சரியான யோசனைதான். ஆனால் அவர்கள் பாதி ஓட்டை அப்படியே போட்டார்கள். சிலுப்பிக்கு அதன் உருவமும் ருசியும் மனதில் பதிந்துவிட்டன. மறுநாளிலிருந்து தன் முட்டையைத் தானே தின்னத் தொடங்கியது. அதோடு நிற்காமல் சுப்பம்மாவின் கோழி இட்டதையும் தின்றது. இரண்டு காம்பராவுக்கும் கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை இல்லை.³

³ முட்டையோட்டை வறுத்து, முட்டை என்று அடையாளமே தெரியாதபடி பொடித்துப் போடவேண்டும். கோழிக்கு ஞாபகசக்தி உண்டு. நமக்குத்தான் அது தெரியாது.

பூசைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ஏழுமலை கத்தி தீட்டும் கல்லைக் கழுவி வைத்தான். அது கவ்வாத்துக் கத்திக்கு என்று எனக்குத் தெரியும். வெள்ளையம்மாவுக்குத் தெரிந்தும் அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

7

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போனது.

சிலுப்பி காலையில் காணாமல் போகத் தொடங்கியது. வெள்ளையம்மா தேடிக்கொண்டு போனாள். லயத்துக்குக் கீழே மாரியம்மன் கோவில். நாலு சுவர், ஒரு தகரக் கூரை. தோட்டத்தில் தார் பூசாத சுவர் அது ஒன்றுதான். அம்மன் சுவருக்குத் தார் அடி என்று துரையாலும் சொல்ல முடியாது. சொன்னாலும் எவனும் தூரிகையைத் தொடமாட்டான்.

சிலுப்பி அங்கே சுவரைப் பார்த்து நின்றது. தலை குனிந்தது, நிமிர்ந்தது. குனிந்தது, நிமிர்ந்தது.

பக்கத்தில் சுப்பம்மாவின் கோழி. அதற்குப் பக்கத்தில் மேல் லயத்துக் கோழிகள். இன்னும் யார் யாருடையதோ. எல்லாம் வரிசையாகச் சுவரைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

எட்டத்திலிருந்து பார்த்தால் என்ன தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

"தாயே!" என்று கத்தியது பூசாரி கன்னையா. வாரத்தில் ஆறு நாள் சில்லறை வேலை செய்கிற ஆள். சாமி காரியம் என்றால் மட்டும் குரல் வேறாகிவிடும். சூடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே ஊர் கூடிவிட்டது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மன் வாசலுக்குக் கோழி தானாக வந்தால், பலி கேட்கிறாள் என்றும் சொல்லலாமே! கன்னையா எந்தப் பக்கம் சொல்வார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் கோழிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்தில் நின்ற சிலதைச் சற்று அதிகமாகவே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"தானா வந்த உசிரு. தாயி தன் வாசல்ல வச்சிருக்கா. இதுல ஒண்ணுமேலயும் கத்தி படப்படாது!"

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளையம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஏழுமலை ஆள் கூட்டத்துக்குள் நின்றான். அம்மனே வந்து சொன்னால்தான் என்று அவன் சொன்ன வார்த்தை அவனையே கட்டிப்போட்டது.

அடுத்த தடவை ஸம்சுதீன் வந்து முட்டைகளைத் தட்டினார். கணீர்.

"அல்லாவே," என்றார். இன்னும் இரண்டை எடுத்துத் தட்டினார். கணீர். "என்ன புள்ள குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கல நானா. அம்மன் குடுத்தா."

"யாரு குடுத்தாலும் நிப்பாட்ட வாணாமெண்டு சொல்லு."

8

முடிவு ஒன்று. வெள்ளையம்மா ஒரு மத்தியானம் சிலுப்பியைத் தூக்குகிறாள். அலகு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சுவரின் அடியைப் பார்க்கிறாள். கொத்துக்கொத்தாய்ப் பள்ளம். முன்பு லயத்துச் சுவர் இருந்ததே, அதே மாதிரி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறாள்: "சாமி கூப்பிடலீங்க, சுண்ணாம்பு தின்னுச்சுங்க." ஊருக்கு அறிவு வருகிறது, எல்லாக் கோழிகளுக்கும் தனிச் சிரட்டையில் நத்தையோடு வைக்கிறார்கள், லாபிர் மகிழ்கிறான். சாமி சொல்லவில்லை என்று ஆனபின் ஏழுமலையின் சபதம் எழுந்து நிற்கிறது. அத்தோடு அம்மன் சுவரைத் தின்ற குற்றம் வேறு. சிலுப்பி சட்டியில்—

எழுத முடியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

முடிவு இரண்டு. அவள் சொல்லாமல் இருக்கிறாள். கோழிகள் தின்கின்றன. வெள்ளை போய் மண் தெரிகிறது. திருவிழாவுக்கு முன் கங்காணி சுவரைப் பார்க்கிறார், கோழிகளைப் பார்க்கிறார், மறுபடி சுவரைப் பார்க்கிறார். துரைக்குத் தெரியாதது கங்காணிக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? அப்போதும் சட்டிதான்.

இரண்டு முடிவிலும் கோழி செத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கட்டுரையே எழுதியிருக்கலாம் என்று மனதார நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளையம்மா கையில் வாளியோடு நின்றாள்.

அலகில் வெள்ளையைப் பார்த்தது வரை சரி. ஆனால் அவள் யாரிடமும் ஓடவில்லை. நேரே கங்காணி வீட்டு வாசலுக்குப் போய்க் கைகட்டி நின்றிருக்கிறாள்.

"ஐயா, ஒரு வேண்டுதலுங்க. எங்கூட்டுக் கோழிய தாயி காப்பாத்துனதுக்கு, உசிரோட இருக்கிற வரைக்கும் கோவில் செவுத்துக்கு நானே வெள்ளையடிக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். சுண்ணாம்பு மட்டும் குடுத்தீங்கன்னா..."

கங்காணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோட்டத்து ஸ்டோரில் சொல்லி ஒரு மூட்டையே கொடுத்தார். பக்தி என்றால் வெள்ளையம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரட்டில் சொன்னார்.

"சுண்ணாம்பும் கங்காணி குடுத்ததுதானா?" என்று நான் அவளைச் சீண்டினேன்.

"குடுத்தது அவரு," என்றாள். "எதுக்குன்னு எனக்குத்தான தெரியும்."

ஈரச் சுண்ணாம்பு வாயைச் சுடும் என்று பட்டுத் தெரிந்தவள். அதனால் ஒரு சுவருக்குப் பூசினால் அது நன்றாகக் காய்ந்து இறுகும்வரை முள்ளை வெட்டிச் சாத்திவைப்பாள். அதுவரை கோழிகளுக்கு எதிர்ப்பக்கச் சுவர். பிறகு மாற்றுவாள். பூசும் நேரத்தில் சிலுப்பியைக் கூடையைக் கவிழ்த்து மூடிவைப்பாள். அம்மன் கோவில் அந்தப் பக்கத்து மலைகளிலேயே வெள்ளையான கோவிலாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் கண் கூசும்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. என் இரண்டு முடிவுகளும் எவ்வளவு சோம்பேறித்தனமானவை!

9

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் நேற்று ஒன்று நடந்தது.

வெள்ளையம்மா சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தாள். கன்னையா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, மேல ஒரு பூச்சு பூசுற. கீழ மட்டும் எதுக்கு மூணு பூச்சு?"

அவள் பூசிக்கொண்டிருந்த தும்புக் கட்டு நின்றது. "தாயி காலடிங்க. அதான்."

கன்னையா விளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அந்த மூலையில கொஞ்சம் கூடப் பூசு," என்றார். "நம்ம கோழிங்க அங்கதான் நிக்கும்."

சொல்ல மறந்துவிட்டேன். கன்னையாவும் கோழி வளர்க்கிறார். அன்று ஓரத்தில் நின்றவை அவருடையவை. அவர் எப்போதிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எழுதத்தான் வந்தேன், பூசாரியைக் குறுக்கு விசாரணை செய்ய அல்ல.

ஆனால் ஏழுமலை விசாரிக்கிறான். ஊர் அவனைச் சபதத்திலிருந்து விடுவித்துவிட்டது, அவனுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஏதோ ஒன்று எல்லாருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது என்று படுகிறது. அது பொறுக்க முடியாத விஷயம், எனக்கே அவன்மேல் இரக்கம்தான். பூசை நாளை. தீட்டிய கத்தி இடுப்பில் இருக்கிறது.

"அம்மன் சொன்னா நான் கும்புட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். "வேற ஏதாச்சும்னா என் சபதம் அப்புடியேதான் நிக்குது."

ஸம்சுதீனைக் கேட்டான். "முட்ட நல்லா ஈக்கிது தம்பி, அதுக்கு மேல நான் ஒண்டும் கேக்கிறல்ல," என்று தடியைத் தூக்கிக்கொண்டார். கன்னையாவைக் கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னைக் கேட்டான். எழுதுகிறவர்கள் சொல்வதை யார் நம்புவது என்று அவனே பதில் சொல்லிக்கொண்டான்.

இப்போது கோவில் பாதையில் இறங்கி வருகிறான். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒருவர் இங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நேரே உங்களிடம்தான் வருகிறான். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறான், மரியாதைக்கு.

வெள்ளையம்மா பூசுவதை நிறுத்திவிட்டாள். முழங்கைவரை சுண்ணாம்பு. கூடைக்குள் சிலுப்பி கொக்கரிக்கிறது. கன்னையா துடைத்த விளக்கையே துடைக்கிறார். லாபிர், நீயும் வாயை மூடிக்கொண்டு இரு, உனக்கு அடிக்குறிப்புகள் போதும்.

"ஏங்க, நீங்க ஆரம்பத்துல இருந்து இங்கதான நிக்கிறீங்க," என்கிறான் ஏழுமலை. "நீங்களாச்சும் உண்மையச் சொல்லுங்க. எங்கூட்டுக் கோழி அந்தச் செவுத்துக்கிட்ட என்னங்க பண்ணுது?"

உங்களைத்தான் கேட்கிறான்.